இது யாருடைய சட்டை?
குழந்தைகளின் உடைமைகளில் பெயர் எழுதிய வரலாறு

உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பழைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே சிறு சிறு புள்ளிகளாலோ மெல்லிய கோடுகளாலோ ஒரு பெயர் வெட்டப்பட்டிருக்கலாம். பாத்திரக் கடையில் பாத்திரம் வாங்கியதும் பெயர் வெட்டித் தரும்படி கேட்பது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். கலியாண வீட்டுக்கு இரவல் போகும் அண்டாவும் குண்டானும் தவறாமல் வீடு திரும்ப வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இனி ஒரு குழந்தைகள் காப்பகத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அங்கே இரண்டு வயதும் மூன்று வயதுமாக இருபது குழந்தைகள் இருக்கிறார்கள். இருபது டம்ளர்கள், இருபது பால் புட்டிகள், இருபது துண்டுகள், நாற்பது சட்டைகள்! ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாது. "இது என்னுடையது" என்று தெளிவாகச் சொல்லப் பெரியவர்களால் முடியும், குழந்தையால் முடியாது. சட்டை மாறினால் வீண் சச்சரவு. டம்ளர் மாறினால் நோய் பரவலாம். மருந்துப் புட்டி மாறினாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே பேசத் தெரியாத குழந்தைக்காக அதன் பொருள் பேச வேண்டியிருக்கிறது.

பொருளைப் பேச வைக்க மனிதன் என்னென்ன செய்தான்? ஊசி, நூல், காட்டுக் கொட்டை, வெள்ளி உப்பு, தார்ச் சாயம், தறி என்று பலவற்றையும் பயன்படுத்திப் பார்த்தான். சில முயற்சிகள் வெற்றி கண்டன. ஒன்று குழந்தைகளின் உயிருக்கே உலை வைத்தது. அந்தக் கதையைப் பார்ப்போமா?

ஊசியும் சிவப்பு நூலும்

ஐரோப்பாவில் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் துணி விலை உயர்ந்த பொருள். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சட்டை முதலியவற்றை எண்ணிக் கணக்கு வைத்துப் பாதுகாத்தார்கள். பல வீட்டுத் துணிகள் ஒன்றாக வெளுக்கப் போகும்போது கலந்து விடாமல் இருக்க, ஒவ்வொரு துணியின் மூலையிலும் உரிமையாளரின் முதலெழுத்துகளையும் ஓர் எண்ணையும் சிவப்பு நூலால் சிறு சிறு பெருக்கல் குறிகளாகத் தைத்தார்கள். எண் எதற்கு? பன்னிரண்டு விரிப்புகளில் ஏழாவது திரும்பவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

இந்தத் தையலைச் சிறுமிகளுக்குப் பள்ளியிலேயே கற்பித்தார்கள். ஒரு துணித் துண்டில் அகர வரிசை முழுவதையும் எண்களையும் தைத்துப் பழகுவார்கள். அத்தகைய பயிற்சித் துணிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பழைய ஆங்கிலப் பயிற்சித் துணிகளில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் என்று நாம் படிக்கிறோம். பல துணிகளில் 24 எழுத்துகள்தாம் இருக்கும். 'ஜே'யும் 'யு'வும் இரா! 'ஐ'யும் 'ஜே'யும் ஒன்றாகவும், 'யு'வும் 'வி'யும் ஒன்றாகவும் கருதப்பட்ட காலத்தின் எச்சம் அது.

அழகுக்காக மட்டும் கற்பித்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அநாதை இல்லத்துச் சிறுமிகள் தைத்த பயிற்சித் துணிகள் புகழ் பெற்றவை. அகர வரிசைகள் சிவப்பு நூலால் வரிசை வரிசையாக நெருக்கமாகத் தைக்கப்பட்டிருக்கும். அந்தச் சிறுமிகள் வளர்ந்து செல்வர் வீடுகளில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். துணியில் குறி தைக்கத் தெரிந்தால் வேலை கிடைக்கும். அந்தத் துணித் துண்டே அவர்களுக்குச் சான்றிதழ்.

தாய் விட்டுச் சென்ற துண்டு

குழந்தையோடு வைக்கப்பட்ட அடையாளங்களில் நெஞ்சை உருக்குபவை இலண்டனில் இருக்கின்றன. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் பல்லாண்டு முயன்று 1739ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றார். 'பவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல்' என்ற இல்லம் 1741ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதல் குழந்தைகளை ஏற்றது. பெயரில் ஹாஸ்பிட்டல் என்று இருந்தாலும் அது நோயாளிகளுக்கான மருத்துவமனை அன்று. குழந்தைகளை வளர்க்கும் இல்லம்.

அங்கே குழந்தையை ஒப்படைத்த தாய் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்கு இல்லத்தார் புதிய பெயர் சூட்டினார்கள். எண் பொறித்த சிறு ஈயத் தகடு ஒன்றைக் கழுத்தில் கட்டினார்கள். அப்படியானால், பின்னொரு நாள் வாழ்க்கை நிமிர்ந்து தாய் திரும்பி வந்தால் தன் குழந்தையை எப்படி அடையாளம் காட்டுவாள்?

அதற்காகத்தான் ஏதேனும் ஓர் அடையாளப் பொருளைக் குழந்தையோடு விட்டுச் செல்லச் சொன்னார்கள். நாணயம், மோதிரம், பொத்தான், காகிதத் துண்டு எதுவாகவும் இருக்கலாம். ஒன்றும் இல்லாதபோது குழந்தையின் உடையிலிருந்தோ தாயின் உடையிலிருந்தோ ஒரு துண்டை வெட்டி, எழுத்தர் பதிவுத் தாளில் ஊசியால் குத்தி வைத்தார். அந்தத் தாள்கள் இன்றும் பாதுகாப்பாக உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் ஏழை மக்கள் உடுத்திய துணிகளின் மாபெரும் சேகரிப்பு உலகில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், வரலாற்றறிஞர்கள் இந்தப் பதிவேடுகளைத்தான் காட்டுகிறார்கள். மன்னர்களின் உடைகளை அருங்காட்சியகங்கள் காத்தன. ஏழைகளின் உடையைக் காத்தது குழந்தையை மீட்கலாம் என்ற நம்பிக்கை.

1767ஆம் ஆண்டு பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட ஓர் ஆண் குழந்தையின் எண் 16516. அதனுடன் இருந்தது பல வண்ணத் துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்த சிறு வேலைப்பாடு. அதில் ஓர் இதய வடிவமும், முதலெழுத்துகளும் தைக்கப்பட்டிருந்தன. அந்த வேலைப்பாடு நடுவே இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. ஒரு பாதி இல்லத்தில் இருந்தது; மறு பாதி தாயிடம் இருந்திருக்க வேண்டும். எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1775ஆம் ஆண்டில் சாரா பெண்டர் என்ற அந்தத் தாய் வந்தாள். தன் மகனை மீட்டுச் சென்றாள்.

எல்லாக் கதைகளும் இப்படி முடியவில்லை. 1741 முதல் 1760 வரை அந்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,282 பேர். அவர்களுள் மீட்கப்பட்டவர்கள் 152 பேர் மட்டுமே. பெரும்பாலான குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்து போனார்கள். வராத தாய்மார்களின் துணித் துண்டுகள்தாம் இன்றும் அந்தத் தாள்களில் குத்தியபடி இருக்கின்றன.

காலையில் விட்டு மாலையில் அழைத்துச் செல்ல

கைவிடுவது வேறு, வேலைக்குப் போகும் நேரத்தில் மட்டும் ஒப்படைப்பது வேறு. இந்த இரண்டாவது ஏற்பாடு தொழிற்புரட்சியோடு வளர்ந்தது. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலைக் கிராமத்தில் ராபர்ட் ஓவன் 1816ஆம் ஆண்டில் தம் கல்விக் கூடத்தைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய சிறு குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். 1828ஆம் ஆண்டில் தெரேஸ் புருன்ஸ்விக் என்ற சீமாட்டி ஹங்கேரியின் புடா நகரில் மத்திய ஐரோப்பாவின் முதல் சிறுவர் காப்பகத்தைத் திறந்தார்.

கைக்குழந்தைகளுக்கான காப்பகத்தைப் பாரிஸ் நகரின் ஷையோ பகுதியில் 1844ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிர்மென் மார்போ என்பவர் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'க்ரெஷ்'. மாட்டுத் தீவனத் தொட்டி என்பது அந்தச் சொல்லின் பொருள். குழந்தை ஏசுவைக் கிடத்திய தொட்டியை அது நினைவூட்டியது. உழைக்கும் தாய் காலையில் குழந்தையை ஒப்படைப்பாள். இடையில் வந்து பாலூட்டுவாள். மாலையில் எடுத்துச் செல்வாள். நாம் இன்று 'கிரீச்' என்று சொல்வது அந்தச் சொல்லைத்தான்.

பல குழந்தைகள், ஒரே கூரை, பொதுவான சலவை. துணிகளில் குறியிடும் தேவை இப்போது பல மடங்காயிற்று. ஒவ்வொன்றாகத் தைத்துக் கொண்டிருக்க நேரம் ஏது? எழுதினால் போதும், ஆனால் வெளுத்தாலும் போகக் கூடாது. அப்படிப்பட்ட மை எங்கே கிடைக்கும்?

சேராங்கொட்டையின் கருமை

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. சேராங்கொட்டை அல்லது சேங்கொட்டை என்று நாம் சொல்லும் கருநிறக் கொட்டைதான் அது. முந்திரிக் கொட்டையைப் போலவே இதுவும் சதைப்பற்றுள்ள காம்பின் நுனியில் ஒட்டிக் கொண்டிருக்கும். சலவைத் தொழிலாளி கொட்டையின் ஓட்டை ஊசியால் குத்தி, கசியும் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் குறியிடுவார். அதன் மேல் சுண்ணாம்பு நீர் தடவினால் குறி நன்றாகப் பிடித்துக் கருத்துவிடும். துணி கிழிந்தாலும் குறி போகாது.

அவர் எழுதியது பெயரை அன்று. இரண்டு புள்ளி, ஒரு கோடு. மூன்று கோடு, ஒரு வளைவு. வீட்டுக்கு ஒரு குறி! எழுத்தறியாதவராக இருந்தாலும் நூறு வீட்டுக் குறிகளையும் நினைவில் வைத்திருந்த அவரது ஆற்றலை எண்ணிப் பாருங்கள். இந்தச் சலவைக் குறிகள் குற்ற வழக்குகளிலும் துப்புத் துலக்க உதவியிருக்கின்றன.

தாவரவியலாரும் இந்தப் பயனை மறக்கவில்லை. மரத்தின் இலத்தீன் பெயர் செமிகார்ப்பஸ் அனகார்டியம். கிரேக்க மொழியில் 'செமியோன்' என்றால் குறி, 'கார்ப்போஸ்' என்றால் கனி. அதாவது 'குறிக்கனி' என்பதே அதன் பெயர்.

சாறு ஏன் கருக்கிறது? அதில் கேட்டக்கால் என்ற இரசாயன வகையைச் சேர்ந்த பொருள்கள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது அவை மாறுதல் அடைந்து, ஒன்றோடொன்று பிணைந்து, கரையாத கருநிறப் பொருளாகின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை இந்த மாற்றத்தை விரைவாக்குகிறது. வெட்டி வைத்த வாழைக்காய் கருப்பதும் ஏறத்தாழ இதே வகை மாற்றந்தான்.

ஆனால் இந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளங்கள் எழும்பும் என்பதை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். சிலருக்குத் துணியில் உள்ள குறியே போதும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்குக் கழுத்திலும் இடுப்பிலும் தடிப்பும் அரிப்பும் தோன்றின. எங்கெல்லாம் சட்டையின் சலவைக் குறி உடலில் பட்டதோ அங்கெல்லாம் தடிப்பு! 1943ஆம் ஆண்டில் மருத்துவர்கள் இதை ஆராய்ந்து 'தோபிக் குறித் தோல் அழற்சி' என்று வெளியிட்டார்கள். அமெரிக்கக் காடுகளில் 'நச்சுப் படர்கொடி' என்ற செடி உண்டு. அதுவும் சேராங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் நச்சும் ஒரே வகை. ஊரில் அந்தச் செடியால் பாதிக்கப்பட்டிருந்த வீரனின் உடல் இங்கே அதன் உறவினனை அடையாளம் கண்டு கொண்டது.

வெள்ளி மை

ஐரோப்பியர் கையாண்டது வேறு வழி. வெள்ளி நைட்ரேட் என்ற உப்பு நீரில் எளிதில் கரையும், கரைசலுக்கு நிறமில்லை. ஆனால் வெயிலில் வைத்தால் கருத்துவிடும். வெள்ளி உப்பு கருப்பதற்குக் காரணம் வெப்பமன்று, ஒளியே என்று ஜெர்மானியரான ஷுல்ட்சே 1717ஆம் ஆண்டு முதல் செய்த சோதனைகளால் காட்டினார். பின்னாளில் புகைப்படக் கலைக்கு அடிப்படையான அதே பண்பு, துணியில் பெயர் எழுதவும் பயன்பட்டது.

எழுதும் முறையைக் கேளுங்கள். முதலில் துணியில் சலவைச் சோடாக் கரைசலைத் தடவி உலர்த்துவார்கள். அதன் மேல் கோந்து கலந்த வெள்ளி நைட்ரேட்டால், பறவையின் இறகுப் பேனா கொண்டு எழுதுவார்கள். சோடாவும் வெள்ளி உப்பும் சேர்ந்து கரையாத வெள்ளிக் கார்பனேட் ஆகும். ஆகவே எழுத்து ஊறிப் பரவாது. பிறகு வெயிலில் வைத்தாலோ, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாலோ எழுத்து கருக்கும்.

வெள்ளி பளபளப்பான உலோகம் ஆயிற்றே, கறுப்பாவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நூலிழைகளுக்குள் படிவது தகடான வெள்ளி அன்று; கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். மிக நுண்ணிய துகள்களாக இருக்கும்போது வெள்ளி ஒளியைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிக் கொள்கிறது. ஆகவே கறுப்பாகத் தெரிகிறது. சோப்பு நீரில் வெள்ளி கரையாது. எனவே எழுத்தும் அழியாது. ஆனால் குளோரின் கலந்த வெளுப்புத் தூள் பட்டால், அது வெள்ளியை வெண்ணிறமான வெள்ளிக் குளோரைடாக மாற்றி எழுத்தை மங்கச் செய்துவிடும்.

நீலம் பாரித்த குழந்தைகள்

வெள்ளி விலை உயர்ந்தது. மலிவான மை தேவைப்பட்டது. 1856ஆம் ஆண்டில் பதினெட்டு வயது மாணவரான வில்லியம் பெர்க்கின், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலீனைக் கொண்டு ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பின் சாயங்கள் வரிசையாக வந்தன. 1863ஆம் ஆண்டில் ஜான் லைட்பூட் என்ற ஆங்கிலேயர், பருத்தித் துணியின் மேலேயே அனிலீனை ஆக்சிஜனேற்றம் செய்து கரையாத கறுப்பு நிறம் பெறும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அனிலீன் கலந்த மைகள் சலவைக் குறியிடவும் வந்தன. மருத்துவமனைகளும் இல்லங்களும் முத்திரைக் கட்டையை மையில் தோய்த்துத் துணிகளில் குத்தின. வேலை சுலபமாயிற்று.

1886ஆம் ஆண்டில் ரேனர் என்ற மருத்துவர் விந்தையான செய்தி ஒன்றை வெளியிட்டார். பிறந்த குழந்தைகள் சில திடீரென்று நீலம் பாரித்தன. உதடு நீலம், நகம் நீலம். இதயத்தில் கோளாறில்லை, நுரையீரலிலும் கோளாறில்லை. காரணம் என்ன? குழந்தைகளுக்குக் கட்டிய அரைத் துணிகளில் அப்போதுதான் முத்திரை குத்தியிருந்தார்கள். துவைக்காமலே கட்டிவிட்டார்கள். ஈரமான துணியிலிருந்து அனிலீன் குழந்தையின் மெல்லிய தோல் வழியாக உடலுக்குள் புகுந்துவிட்டது!

உள்ளே புகுந்த அனிலீன் என்ன செய்தது? நம் இரத்தத்தின் செந்நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின். அதன் நடுவேயுள்ள இரும்பு அணுதான் ஆக்சிஜனைப் பிடித்துச் சுமந்து செல்கிறது. அனிலீன் உடலுக்குள் மாறுதலடைந்து அந்த இரும்பை வேறொரு நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அந்த நிலையில் இரும்பால் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாது. இரத்தம் பழுப்பு நிறமாகிறது. தோல் நீலமாகத் தெரிகிறது. மூச்சு விட்டும் உடலுக்குப் பிராணவாயு எட்டாத நிலை!

பெரியவர்களின் இரத்தத்தில் இந்த மாற்றத்தைச் சரி செய்யும் நொதி ஒன்று போதிய அளவில் உண்டு. பிறந்த குழந்தைகளிடம் அது ஏறத்தாழப் பாதியளவே செயல்படுகிறது. மேலும், உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோலின் பரப்பு அதிகம். ஆகவே, தாயைத் தொடாத நஞ்சு சேயைத் தாக்குகிறது.

காரணம் 1886லேயே தெரிந்துவிட்டது. தடுக்கும் வழியும் எளியது: முத்திரை குத்திய துணியை நன்றாகக் கொதிக்க வைத்துத் துவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். அவ்வளவுதான். இருந்தும் என்ன ஆயிற்று? அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இதே விபத்து வெவ்வேறு நாடுகளில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. 1945ஆம் ஆண்டில் கூட அமெரிக்க மருத்துவர்கள் ஒரு குழந்தைகள் பிரிவில் நீலம் பாரித்த 17 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மெத்திலீன் நீலம் என்ற மருந்தால் இந்நிலையை மாற்றலாம் என்பது நல்ல செய்தி. ஆனால் பாடம் என்ன? ஒரு நூலில் எழுதி வைத்ததனால் மட்டும் அறிவு பரவிவிடாது. துணிக்கு முத்திரை குத்தும் ஊழியருக்கும், துவைப்பவருக்கும், குழந்தைக்குத் துணி கட்டுபவருக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

தறி எழுதிய பெயர்

மையே வேண்டாம், பெயரையே நெய்து விடலாமே என்று சிந்தித்தவர்களும் உண்டு. பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்ட் 1804ஆம் ஆண்டில் உருவாக்கிய தறியில், துளையிட்ட அட்டைகள் எந்தப் பாவு நூல் மேலெழ வேண்டும் என்று கட்டளையிட்டன. பூ நெய்யும் தறி எழுத்தை நெய்யாதா?

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம் பட்டு ரிப்பனுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஜான் கேஷ், ஜோசப் கேஷ் என்ற சகோதரர்கள் 1840களில் ரிப்பன் நெசவு தொடங்கினார்கள். 1860ஆம் ஆண்டில் பிரான்சுடன் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தால் பிரெஞ்சு ரிப்பன்கள் வரியின்றி வந்து குவிந்தன. கவென்ட்ரித் தறிகள் ஓய்ந்தன. நெசவாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து ஊரை விட்டுப் போனார்கள். கேஷ் சகோதரர்களின் நிறுவனம் வேறு பொருள்களுக்கு மாறித் தப்பிப் பிழைத்தது. அவற்றுள் ஒன்று, பெயர் நெய்த நாடா. வெள்ளை நாடாவில் சிவப்பு எழுத்தில் குழந்தையின் பெயர் வரிசையாக நெய்யப்பட்டிருக்கும். வெட்டி எடுத்துச் சட்டையின் உட்புறம் தைக்க வேண்டியதுதான். பிரிட்டனில் விடுதிப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் காலுறையில் கூட இந்த நாடா தைப்பது பல தலைமுறைகளுக்கு வழக்கமாக இருந்தது.

பொது டம்ளர் ஒழிந்தது

துணிக்குக் குறியிட்டதற்குக் காரணம் உடைமை உரிமை. டம்ளருக்கும் துண்டுக்கும் குறியிட்டதற்குக் காரணம் கிருமி. பாஸ்டர், காக் ஆகியோரின் ஆராய்ச்சிகளுக்கு முன்னால் பள்ளிகளிலும் ரயில்களிலும் சங்கிலியில் கட்டிய ஒரே டம்ளரில் எல்லாரும் நீர் குடித்தார்கள். 1882ஆம் ஆண்டில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னர் மக்களின் பார்வை மாறியது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் சாமுவேல் கிரம்பைன் என்ற சுகாதார அதிகாரியின் முயற்சியால் 1909ஆம் ஆண்டில் பொது டம்ளர் தடை செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் பொதுத் துண்டும் அந்த வழியே சென்றது. ஒரே துண்டால் பலர் முகம் துடைப்பது டிரக்கோமா என்ற கண்நோய் பரவுவதற்கு ஒரு வழி. பார்வையையே பறிக்கும் நோய் அது.

ஆக, குழந்தையின் துண்டில் எழுதிய பெயர் ஒரு தடுப்பு மருந்துக்கு நிகர்.

கழுத்தில் தொங்கிய சீட்டு

பொருளுக்கு எழுதிய சீட்டைக் குழந்தைக்கே கட்ட நேர்ந்த காலமும் வந்தது. 1938 டிசம்பர் முதல் 1939 செப்டம்பர் வரை, ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சிச் சுமார் 10,000 குழந்தைகள் பெற்றோரின்றி பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். அவர்கள் கழுத்தில் எண் எழுதிய அட்டை தொங்கியது. அவர்களுள் பலர் தம் பெற்றோரை மீண்டும் பார்க்கவே இல்லை.

1939 செப்டம்பர் முதல் நாள் பிரிட்டனின் நகரங்களிலிருந்தே குழந்தைகளை வெளியேற்றத் தொடங்கினார்கள். குண்டுவீச்சுக்கு அஞ்சி மூன்றே நாளில் சுமார் 15 இலட்சம் பேர் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகள். தோளில் நச்சுப் புகை முகமூடிப் பெட்டி. கோட்டில் பெட்டிக்குக் கட்டுவது போன்ற பெயர்ச் சீட்டு. வழி தவறினால் அந்தச் சீட்டு ஒன்றே பிள்ளைக்குத் துணை.

படிக்கத் தெரியாதவருக்குப் படம்

இதுவரை சொன்ன குறிகளை எல்லாம் படிப்பவர் யார்? பெரியவர்கள். மூன்று வயதுக் குழந்தை தன் துண்டைத் தானே கண்டுபிடிக்க வேண்டுமானால் எழுத்து உதவாது. ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா முதலிய நாடுகளின் சிறுவர் பள்ளிகளில் இதற்கு அழகான வழக்கம் இருக்கிறது. சேர்ந்த நாளன்றே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படம் கொடுக்கிறார்கள். ஒருவனுக்கு முயல், ஒருத்திக்குச் செர்ரிப் பழம், இன்னொருவனுக்குக் குடை. உடை மாட்டும் கொக்கி, துண்டு, டம்ளர், படுக்கை எல்லாவற்றிலும் அதே படம். பள்ளியை விட்டுப் போகும் வரை அது மாறாது. தம் படம் எது என்று முதியவர்களும் மறக்காமல் சொல்வார்கள்.

இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. எழுத்து என்பதே ஒரு குறிதான். 'இந்த முயல் என்றால் நான்' என்று ஒரு குழந்தை உணரும்போது, ஒன்று மற்றொன்றைக் குறிக்க முடியும் என்ற பெரிய கருத்தை அது கற்றுக் கொள்கிறது. படிப்பின் முதல் படி அதுவே.

நம் நாட்டில்

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இவ்வாறே விதித்தது. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இத்தகைய காப்பகத்துக்குத் தமிழ் மக்கள் வைத்த பெயர் 'பிள்ளை மடுவம்'. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கி, அங்கன்வாடிகள் பெருகின. 2017ஆம் ஆண்டில் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டு, 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சுருங்கச் சொன்னால், குறியிட வேண்டிய டம்ளர்கள் பெருகியிருக்கின்றன!

உங்கள் வீட்டுத் தம்பியோ தங்கையோ காப்பகத்துக்குப் போகிறார்களா? வரலாறு கற்றுத் தந்த சில செய்திகளைக் கைக்கொள்ளுங்கள்.

அழியாத மையால் துணியில் எழுதினால், உலர விட்டு, ஒரு முறை துவைத்த பிறகே குழந்தைக்கு உடுத்துங்கள். எழுத்து உடலில் உராயாத ஓரத்தில் இருக்கட்டும். சேராங்கொட்டையைக் குழந்தைத் துணியின் பக்கமே கொண்டு போக வேண்டாம். பருத்தித் துணிக்குச் சிவப்பு நூலால் இரண்டு எழுத்துத் தைப்பது இன்றும் நல்ல முறை.

பால் புட்டியில் வாய் படும் இடத்தில் எழுதாதீர்கள், வெளிப்புறத்தில் எழுதுங்கள். கொதிநீரில் மை மங்கினால் மீண்டும் எழுதுங்கள். மருந்துப் புட்டியில் பெயரோடு எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்பதும் இருக்க வேண்டும்.

டம்ளருக்குப் பெயர் வெட்டுவதே சிறந்தது. வெட்டிய இடத்தில் துருப் பிடிக்காதா என்ற ஐயம் எழலாம். எவர்சில்வர் என்பது இரும்போடு குரோமியம் கலந்த உலோகம். அதன் மேல் குரோமிய ஆக்சைடு மெல்லிய படலமாக மூடியிருக்கிறது. கீறல் விழுந்தால் அடியிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து அதே படலத்தை மறுபடியும் உண்டாக்கிக் கொள்கிறது. ஆகவே பெயர் நிற்கும், துரு வராது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. சட்டையின் வெளியே பெரிய எழுத்தில் பெயர் வேண்டாம். தெருவில் முன்பின் அறியாதவர் பெயர் சொல்லி அழைத்தால், நமக்குத் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும். பெயர் உட்புறம் இருக்கட்டும்.

எழுதும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். பெயருக்கு அருகில் அதற்குப் பிடித்த ஒரு சிறு படத்தையும் போடுங்கள். யானையோ, மாம்பழமோ, பட்டமோ, அது கேட்பதைப் போடுங்கள். பெயரைக் காப்பகத்து ஆயா படித்துக் கொள்வார். படத்தைக் குழந்தை படித்துக் கொள்ளும்.